பின்பாதி சொல்ல ஓர் ஆள்

பிள்ளைகளே, பொழுதுபட்டு செபத்துக்குக் கூப்பிட்டால் நீங்கள் ஒருவர் பாயின் இந்த ஓரத்திலும் மற்றவர் அந்த ஓரத்திலும் வந்து இருக்கிறீர்கள். நான் முன்பாதியைச் சொல்லி முடிக்க முன்னமே பின்பாதியைத் தொடங்கி, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி ஓடி முடிக்கிறீர்கள். அதற்கு நான் ஏசுவதில்லை என்று உங்கள் அம்மாவுக்குக் குறை. ஓடிச் சொன்னாலும் வாய்க்குள் மென்று சொன்னாலும் மறுபக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வருகிறதே, எனக்கு அது போதும். ஏன் போதும் என்று நேற்றுக் கேட்டீர்கள். வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நாங்கள் சொல்லுகிற செபங்களில் ஆகச் சின்னது திரித்துவத்தின் புகழ். ‘பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக’ என்று ஒருவர் சொல்ல வேண்டும். ‘ஆதியிலே இருந்ததுபோல இப்பொழுதும் எப்பொழுதும் என்றென்றும் இருப்பதாக, ஆமென்’ என்று மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். மாலைச் செபத்தின் முடிவில் அதை மூன்று முறை சொல்லுவது எங்கள் வழக்கம். பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று. எல்லா வீட்டிலும் தகப்பன் முன்பாதி, பிள்ளைகள் பின்பாதி. எங்கள் வீட்டில் மட்டும் அது தலைகீழாக இருந்தது.

எங்கள் வீடு என்றால் அப்போது அப்பாவும் நானும்தான். அம்மா வெளிநாட்டில் யாரோ ஒருவருடைய பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மூதூர் லோஞ்சில் வேலை. திருகோணமலைத் துறையில் இருந்து கொட்டியார்க் குடாவைத் தாண்டி மூதூருக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற அந்த லோஞ்சின் வயிற்றுக்குள் நின்று இயந்திரம் பார்க்கிறவர் அவர். மேலே சுக்கான் பிடிக்கிறவர் கயிற்றை இழுத்தால் கீழே மணி அடிக்கும். கீழே நிற்பவர் மறுமணி கொடுக்க வேண்டும். மறுமணி வராமல் லோஞ்ச் அசையாது. எத்தனையோ வருசம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் காது மந்தமாகிப் போனது. காது மந்தமானவர்கள் எல்லோரையும் போல அவரும் உலகத்துக்குத்தான் காது கேட்காது என்று எண்ணிச் சத்தமாகக் கதைப்பார்.

செபத்திலும் அவர் கீழே நிற்கிற ஆளாகவே இருந்தார். “நீ மேலை நிண்டு மணி அடி மகன். நான் கீழை நிண்டு பதில் தாறன்” என்று சொல்லி முன்பாதியை என்னிடம் தந்துவிட்டார். நான் விறாந்தையில் இருந்து சொல்ல, அவர் குசினியில் மீன் பொரித்துக்கொண்டே பின்பாதியைச் சொல்லுவார். எங்கள் ஒழுங்கை முழுதும் கேட்கும். பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமி, உன்னுடைய அப்பா ஆண்டவனைக் கூப்பிடுகிறாரா அல்லது துறையில் லோஞ்சுக்கு நிற்கிற ஆட்களைக் கூப்பிடுகிறாரா என்று என்னிடம் கேட்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அந்தச் சத்தம் வந்தால்தான் அன்றைய நாள் முடிந்ததாகத் தோன்றும்.

சண்டை திரும்பத் தொடங்கிய வருசத்தில் ஒரு காலை, பாணுக்குச் சம்பல் இடித்து வைத்திருக்கிறது, பின்னேரம் வருவேன் என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார். மத்தியானம் குடாவின் அந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டது. மூதூர்த் துறையில் நின்ற லோஞ்ச் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கரை இயக்கத்தின் கையிலும் இந்தக் கரை ஆமியின் கையிலுமாகிவிட, நடுவில் கிடந்த தண்ணீரில் ஒரு தோணிகூடப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னேரம் துறைக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டமில்லாத துறையை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

மறுநாள் சித்தப்பா சைக்கிளில் வந்து என்னை உப்புவெளிக்கு ஏற்றிக்கொண்டு போனார். சித்தப்பா என்பது அம்மாவின் தங்கையைக் கட்டியவர். வழியில் சோதனைச் சாவடி வரும்போதெல்லாம் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டினார். முன்பெல்லாம் அவர் பகிடிக்காரர். என்னைக் கண்டால் “என்ன பாதிரியார், சுகமோ?” என்பார். அந்த முறை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கொஞ்ச நாளுக்கு முன்னர் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் அவரையும் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டிருந்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சித்தியின் வீடு கடற்கரையோடு இருந்தது. பக்கத்து வளவில் முன்பு வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதி ஒன்று. வெள்ளைக்காரர் வராமல் போனபின் அதில் நேவி வந்து தங்கியது. சித்தியின் பின்வேலிக்கு அந்தப் புறமாக, மண்மூட்டை அடுக்கி, மேலே தகரம் போட்டு, காவலுக்கு ஆள் நிற்கிற ஒரு சென்றி இருந்தது. நடுவில் கிடுகு வேலி மட்டும்தான். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வீட்டின் முதல் சட்டம்.

நல்ல வீடு அது. மீன்தலை என் கோப்பைக்குத்தான் வரும். பாய் விரித்தால் எனக்குத்தான் சுவரோரம். ஆனால் பொழுதுபட்டதும் சித்தி முகம் கழுவி, பொட்டு வைத்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவார். சித்தப்பாவின் ஆட்கள் சைவம். சித்தி எங்கள் சமயத்தில் பிறந்தவர்தான். அவர்கள் கோயிலிலும் இல்லாமல் எங்கள் கோயிலிலும் இல்லாமல் பதிவுக் கந்தோரில் எழுத்து மட்டும் எழுதிக் கலியாணம் செய்துகொண்டார் என்றும், அன்றோடு தாத்தா அந்த மகளின் பேச்சை எடுப்பதில்லை என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். பெரியவர்களுக்குள் கோபம் என்று மட்டும் எனக்கு விளங்கியிருந்தது.

முதல் நாள் மாலை விறாந்தைத் தூணோடு முழங்காலில் நின்று செபத்தைச் சொல்லி, முடிவில் வழக்கம்போல முன்பாதியைச் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். கடல் இரைந்தது. குசினியில் சித்தி சட்டியைக் கழுவுகிற சத்தம் கேட்டது. பதில் இல்லை.

பின்பாதியையும் நீயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது எனக்கு ஏலாது. மேலே சுக்கானைப் பிடிக்கிற ஆளே கீழேயும் ஓடிப்போய் மறுமணி அடிக்க முடியுமா? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பின்பாதி அப்பாவுடையது. அதை நான் எடுத்துக்கொண்டால் அப்பா இனி இல்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். வேறு யாராவது சொன்னால் பரவாயில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் இன்னொருவர் இயந்திரத்தடியில் நின்றிருக்கிறார். அதற்காக அப்பாவின் வேலை போகவில்லை. ஆகவே எனக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்கும்வரை செபம் துறையிலேயே கட்டிக் கிடக்கும், செபம் கிளம்பாமல் லோஞ்சும் கிளம்பாது. என் கணக்கு இவ்வளவுதான்.

முதலில் சித்தியிடம் கேட்டேன். அவர் அம்மாவின் தங்கை, தெரியாமல் இராது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், “நீ மனசுக்குள்ளை சொல்லு ராசா, ஆண்டவருக்குக் கேக்கும்” என்றார். மனதுக்குள் சொன்னால் யார் பதில் சொல்லுவது என்று கேட்டேன். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு எழும்பி உள்ளே போய்விட்டார்.

அடுத்தது அக்கா. சித்தியின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அந்த ஒரு வயதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. நான் தூணடியில் முன்பாதியைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்பதை அவள் நாலைந்து நாளாகப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“மூண்டு பேரைக் கூப்பிடுறாய். ஒராள்கூட ஓம் எண்டு சொல்லேல்லையே.”

“மூண்டு பேர் இல்லை. ஒராள்தான்.”

“ஒராளை ஏன் மூண்டு தரம் கூப்பிடுறாய்? அவருக்கும் உன்ரை அப்பா மாதிரிக் காது கேக்காதோ?”

ஞானோபதேச வகுப்பில் இதைக் கேட்டுத்தான் நானும் குட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம், அது மனித புத்திக்கு எட்டாது என்று அங்கே சொன்னார்கள். எட்டாதது எனக்குப் பெரிய கவலையாக இருக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த நாட்களில் வேறொன்று தோன்றத் தொடங்கியது. உலகத்தைப் படைத்த கடவுளே தனியாக இருக்க மாட்டாமல் தகப்பன், மகன், ஆவி என்று மூன்று பேராய்ச் சேர்ந்து இருக்கிறார். அவருக்கே அப்படியென்றால் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் விறாந்தைத் தூணோடு தனியே என்ன செய்ய முடியும்?

கடைசியில் அக்கா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். அவளுடைய பங்குத் தண்ணீரைக் கிணற்றில் இருந்து நான் அள்ளி வந்தால் அவள் பின்பாதி சொல்லுவாள். நான் வாளியைத் தூக்கினேன். கிணற்றடியில் வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரி, இரண்டு தரம் கேட்டதும் பாடமாக்கிவிட்டாள். அன்று மாலை இருவரும் தூணடியில் நின்றோம். நான் கண்ணை மூடிக்கொண்டு முன்பாதியை முழுக்கச் சொன்னேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு, வீடு அதிர, “அரகர மகாதேவா” என்றாள்.

அவள் அதைக் கேலிக்குச் சொல்லவில்லை. கோயிலில் முன்னால் ஒருவர் குரல் எடுத்தால் பின்னால் எல்லோரும் சொல்லுவது அதுதான். பழகிய வாய் பழகிய வழியில் போய்விட்டது. அது எனக்கு அன்று விளங்குமா? தண்ணீர் அள்ளியதும் வீண், செபமும் கெட்டது என்று அழுதேன். உள்ளே சித்தப்பா சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்தபின் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. சித்தி ஓடிவந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

மறுநாளில் இருந்து நான் விறாந்தையை விட்டுவிட்டேன். பின்வளவில், கிடுகு வேலிக்குக் கிட்ட ஒரு முருங்கை நின்றது. அதனடியில் நின்றால் கடல் தெரியும். உப்புவெளியில் இருந்து பார்த்தால் கொட்டியார்க் குடா தெரியாது, இடையில் கோட்டை மலை நிற்கிறது. என்றாலும் தண்ணீர் ஒன்றுதானே. சித்தி விளக்கேற்றுகிற நேரம் பார்த்து, சட்டத்தை மீறி அங்கே போனேன். காது மந்தமானவருக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னேன்.

“பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக.”

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பதில் வந்தது. முழுப் பின்பாதியும் வந்தது. சொற்கள் எங்கள் சொற்கள், ஆனால் இழுவை வேறு. நெடிலையெல்லாம் குறுக்கி, இடையிடையே தடக்கி, ஆனாலும் ஒரு சொல்லும் தவறாமல் ஆமென் வரைக்கும் வந்தது.

கிடுகின் ஓட்டையால் பார்த்தேன். மண்மூட்டைக்குப் பின்னால் ஒரு நேவிக்காரன். மீசை சரியாக அரும்பாத முகம். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஓடத்தான் நினைத்தேன். கால் ஓடவில்லை. எத்தனை நாளுக்குப் பிறகு மறுமணி கேட்டிருக்கிறது. இயந்திரம் பிடித்ததும் லோஞ்சின் பலகையெல்லாம் ஒருமுறை நடுங்குமே, அந்த நடுக்கம் என் உடம்பில் ஓடியது. இரண்டாம் முறை சொன்னேன். பதில் வந்தது. மூன்றாம் முறை சொன்னேன், அதற்கும் வந்தது. பிறகுதான் ஓடினேன்.

அடுத்த நாட்களிலும் போனேன். அவன் இருந்த நாளில் பதில் இருந்தது. வேறு ஆள் நின்றால் சத்தம் போடாமல் திரும்பிவிடுவேன். அவனுடன் கதைக்க ஒரு நாள் துணிவு வந்தது. நேவிக்குத்தானே கடலில் எது போகலாம், எது போகக்கூடாது என்று தெரியும். லோஞ்ச் எப்போது விடுவார்கள் என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டி, “தெமள பே” என்றான். தமிழ் தெரியாது என்று அர்த்தம், அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. இப்போதுதான் தமிழில் செபம் சொன்னவன், லோஞ்சைப் பற்றிக் கேட்டதும் தமிழ் தெரியாது என்கிறானே, இவன் எதையோ ஒளிக்கிறான் என்று நினைத்தேன். “அம்மா, அம்மா” என்று சொல்லி, விரல்களால் செபமாலை உருட்டிக் காட்டினான். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

நான் விடவில்லை. கையைக் கடல் பக்கம் நீட்டி, “அப்பா மூதூரிலை. அப்பா எப்ப வருவார்?” என்று கேட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். எதையோ தேடுகிறவன் மாதிரி வாயைத் திறந்து மூடினான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

“இப்பொழுதும்,” என்றான். கொஞ்சம் நின்று, “எப்பொழுதும்” என்றான்.

அவனிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.

பின்னாளில் மீன் லொறியில் மேற்குக் கரைக்குப் போய்வந்த காலத்தில், அந்தப் பக்கத்துக் கடற்கரை வீடொன்றில் ஓர் இரவு தங்கினேன். வீடு முழுக்கச் சிங்களம் கதைத்தார்கள். செபத்துக்கு மணி அடித்ததும் வீட்டுக்கார அம்மா தமிழில் செபமாலை தொடங்கினார். பிள்ளைகள் தமிழில் பதில் சொன்னார்கள். செபம் முடிந்ததும் பழையபடி சிங்களம். தமிழ் கதைக்க மாட்டார்களாம், முன்னோர் செபித்த மொழி செபத்தில் மட்டும் தங்கிவிட்டதாம். அந்தப் பாயில் இருந்துகொண்டுதான் அந்த நேவிக்காரனின் முகத்தை நினைத்தேன். ஆனால் முருங்கையடியில் நின்ற எனக்கு அதெல்லாம் தெரியாது. இப்பொழுதும் எப்பொழுதும் என்றால் நாளைக்கா, மறுநாளா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்படி நின்றபோதுதான் சித்தி கண்டுவிட்டார். என் வாயைப் பொத்தி, இடுப்போடு தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சித்தப்பா கதிரையில் இருந்து எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை என்று நினைக்கிறேன்.

“என்ன கதை கதைச்சனீ அவனோடை?” என்று சித்தி கேட்டார்.

“அப்பா மூதூரிலை எண்டு சொன்னனான்.”

சித்தப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் அந்தக் கரையில் ஆள் இருக்கிறது என்று சொல்லுவதே ஒரு குற்றம் போல. அதைக் கேட்டு நேவிக்காரர் இரவோடு இரவாக வந்து சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனால் யார் கேட்பது? அன்று அவர்கள் வரவில்லை. விடிந்த பிறகும் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் சித்தி பின்கதவுக்குத் தடி போட்டார்.

மாலையானதும் நான் அந்தத் தடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி விளக்கை ஏற்றிவிட்டு வந்து என்னை அறைக்குள் கூட்டிப்போனார். பாயை விரித்தார். படம் எதுவும் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

“சொல்லு. மெதுவாய்ச் சொல்லு,” என்றார்.

சொன்னேன். சித்தி பதில் சொன்னார். தடக்கவில்லை, தேடவில்லை. அம்மாவின் குரல் அப்படியே அதற்குள் இருந்தது. ‘என்றென்றும்’ என்ற இடத்தில் அம்மா ஒரு மூச்சு எடுப்பார். சித்தியும் அந்த இடத்தில் மூச்செடுத்தார். வாசலில் நின்ற அக்கா அப்படியே வாயைத் திறந்தபடி நின்றாள். நான் வேலிக்குப் போய்விடக்கூடாது என்ற பயத்தில்தான் சித்தி அந்தப் பாயில் வந்து நின்றார். அது எனக்கும் தெரியும். பயத்தில் தொடங்கினாலும், நாள் போகப்போக அவர் எனக்கு முன்னமே வந்து பாயை விரிக்கத் தொடங்கினார். ஒரு நாள் செபத்தின் முடிவில் அவருடைய கை சிலுவை போடத் தானாக நெற்றிக்குப் போனது. பாதியில் நின்றது. சேலைத் தலைப்பை இழுத்துவிடுகிற மாதிரி அதைக் கீழே கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. நான் வேலியை மறந்தேன். வேலி என்னை மறக்கவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்தில் குசினி யன்னல் நீக்கலால் பார்த்தால், அந்த நேவிக்காரன் வேலிக்குக் கிட்ட வந்து நிற்பது தெரியும். தொப்பி கையில் இருக்கும். ஒரு முறை செருமுவான். கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். எங்களைப் பிடிக்கத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று அக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

ஒரு மாலை நாங்கள் பாயில் நின்று இன்னும் தொடங்கவில்லை. வேலிப் பக்கம் இருந்து குரல் கேட்டது.

“பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக.”

அந்த இழுவை, அந்தத் தடக்கல். முன்பாதியை அவன் சொன்னான். சொல்லிவிட்டு நின்றான். சித்தியின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. விறாந்தையில் சித்தப்பா வானொலியை நிறுத்தினார். கடல் மட்டும் இரைந்தது. சித்தியின் உதடு அசைவதைக் கண்டேன், சத்தம் வரவில்லை. எங்கள் ஒருவரிடமும் இருந்து சத்தம் வரவில்லை. அவன் இரண்டாம் முறை சொன்னான். முன்னையதைவிட மெதுவாகச் சொன்னான். மூன்றாம் முறை சொல்லவில்லை. சப்பாத்து மணலில் புதைந்து புதைந்து போகிற சத்தம் கேட்டது.

எனக்கு வந்தது கோபம்தான். முன்பாதி என்னுடையது, அதை இவன் எப்படி எடுக்கலாம் என்று கோபம்.

கொஞ்ச நாளில் சென்றியில் வேறு ஆட்கள் நின்றார்கள். பழையவர்களை ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் குடாவுக்குப் போனதாகக் கடையில் கதைத்தார்கள். அந்தக் கரையில் திரும்பவும் சில நாட்கள் குண்டுச் சத்தம் கேட்டது. பிறகு அடங்கியது. அடங்கிச் சில கிழமைகள் போனபின் முதல் லோஞ்ச் வந்தது. அதில் அப்பா வந்தார்.

சித்தியின் படலையில் வந்து நின்ற ஆளை எனக்கு உடனே மட்டுக்கட்டத் தெரியவில்லை. மெலிந்து, தாடி வளர்ந்திருந்தது. “மகன்” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டபின்தான் தெரிந்தது. நான் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். செபம் கிளம்பியது, லோஞ்ச் வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. சித்தப்பா சிரித்துச் சிரித்துக் கதைத்தார், “பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு போங்கோ, என்ரை பெண்சாதியையும் சாமியாராக்கிப்போடுவான்” என்றார். சித்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அறைக்குள் போய், நாங்கள் செபம் சொல்லுகிற பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு முன்பாதி சொல்ல அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. பதில் வராமல் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தொடங்குவதற்கு ஒருவர் இல்லாமல் போவதும் அதே அளவு என்று தெரிந்திருக்கவில்லை. ஊரை விட்டு, மொழி விளங்காத கரையில், துவக்கோடு மண்மூட்டைக்குள் நின்றவனுக்கு ஒரு சின்னப் பையனின் முன்பாதி என்னவாக இருந்திருக்கும் என்பதும் தெரிந்திருக்கவில்லை. அவன் என் பங்கை எடுத்துவிட்டான் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒன்று மட்டும் மனதுக்குள் கிடந்து உறுத்தியது. அவன் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போன முன்பாதிகள் அந்த வேலியடியில் பதில் இல்லாமல் கிடக்கின்றன. மறுமணி கொடுக்காமல் கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சித்தி எனக்குக் கட்டித்தர இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். நான் பின்கதவின் தடியை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, முருங்கையடிக்குப் போனேன். அந்த நேரம் சென்றியில் ஒருவரும் இல்லை. தகரத்தில் ஒரு காகம் இருந்தது.

கிடுகு வேலியைப் பார்த்துக்கொண்டு, ஆதியிலே இருந்ததுபோல இப்பொழுதும் எப்பொழுதும் என்றென்றும் இருப்பதாக என்று சொன்னேன். சொல்லி, கொஞ்சம் நின்று, இன்னொரு தரமும் சொன்னேன். பிறகு உள்ளே வந்து கதவுக்குத் தடியைப் போட்டேன்.